தெரபிஸ்ட் மேல் கோபம் வந்தால் தெரபி தோற்றுவிட்டதா?

கோத்தகிரியிலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார். வாரம் ஒருமுறை குன்னூருக்குப் போய் சைக்கோடைனமிக் முறையில் (மனதின் அடியில் கிடக்கும் உணர்ச்சிகளையும் பழைய உறவுகளின் தாக்கத்தையும் பேசிப் பார்க்கும் முறை) தெரபி எடுத்துக்கொள்கிறார். எட்டு மாதம் ஆகிறது. தெரபிஸ்ட் அறிவுரை எதுவும் சொல்வதில்லை, என்ன செய்யட்டும் என்று கேட்டால், "நான் என்ன சொல்வேன்னு நினைக்கிறீங்க?" என்று திருப்பிக் கேட்கிறார். மே மாதம் அவர் இரண்டு வாரம் லீவில் போய் வந்ததிலிருந்து அவர் மேல் காரணமில்லாத எரிச்சல் வருகிறதாம். வெறும் பேச்சுக்கு இவ்வளவு பணமா, அந்த அறையில் உண்மையில் என்னதான் நடக்கிறது, நிறுத்திவிடலாமா என்பது கேள்வி.

நிறுத்துவதும் தொடர்வதும் உங்கள் முடிவு. ஆனால் அந்த எரிச்சலையே காரணமாக வைத்து நிறுத்திவிடாதீர்கள். நானும் இதே மலையில், ஊட்டியில், இந்த வேலையைத்தான் செய்கிறேன். எட்டு மாதம் கழித்து ஒருவர் "உங்க மேல எரிச்சலா இருக்கு" என்று வந்து உட்கார்ந்தால் நான் நிமிர்ந்து உட்காருவேன். அதுவரை வெளியே இருந்த பிரச்சினை அன்றைக்குத்தான் அறைக்குள் வந்திருக்கிறது என்று அர்த்தம். ஏன் என்று சொல்ல கொஞ்சம் இடம் வேண்டும்.

முதலில் அறிவுரை விஷயம். கவுன்சலிங் என்றாலே பெரியவர் ஒருவர் கேட்டுவிட்டு நல்லது சொல்லி அனுப்புவார் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். ஊர்ப் பெரியவர், பாதிரியார், ஜோசியர், ஹெட்மாஸ்டர் எல்லோரும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஜே. எஸ். நேகி என்ற இந்திய மனநல மருத்துவர் 1973லேயே, நம் நாட்டில் சிகிச்சை உறவுக்கு குரு-சிஷ்ய உறவு ஒரு முன்மாதிரியாக இருக்க முடியுமா என்று எழுதினார். வழிகாட்டச் சொல்லிக் கேட்பது நமக்கு இயல்பாக வருகிறது, அதை ஒரு குறையாகப் பார்க்கக் கூடாது என்று நானும் நினைக்கிறேன். ஆனால் இந்தத் தெரபிக்கு வருகிறவர்களிடம் அறிவுரை ஏற்கெனவே மூட்டை மூட்டையாக இருக்கும். "முடியாதுன்னு சொல்லிடு", "எல்லாத்தையும் மனசுல போட்டுக்காத" என்று அக்காவும் சொல்லியிருப்பார், பக்கத்து வீட்டுக்காரரும் சொல்லியிருப்பார். அது சரியான யோசனை என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் செய்ய முடியவில்லை என்பதற்குத்தான் அவர் வந்திருக்கிறார். மூன்றாவது ஆளாகத் தெரபிஸ்டும் அதையே சொன்னால் என்ன ஆகும்? செய்ய முடியாத குற்ற உணர்வு இன்னும் ஒரு பங்கு கூடும், அவ்வளவுதான்.

எல்லாப் பிரச்சினைக்கும் இது பொருந்தாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பர்லியார் வளைவுகளில் பஸ் ஏறவே பயம், அதைத் தவிர வாழ்க்கையில் வேறு தொல்லை இல்லை என்று ஒருவர் வந்தால் நான் அவரை சிபிடி (எண்ணங்களையும் பழக்கங்களையும் பயிற்சியால் மாற்றும் முறை) செய்கிறவரிடம் அனுப்புவேன். அங்கே வீட்டுப்பாடம் உண்டு, படிப்படியான பயிற்சி உண்டு, பல நேரம் சில மாதத்தில் வேலை முடியும். "எந்த வேலைக்குப் போனாலும் ஒரு வருஷத்துல மேலதிகாரியோட முட்டிக்குது", "யார் நெருங்கி வந்தாலும் நான் விலகிடுறேன்" என்று, ஆள் மாறினாலும் கதை மாறாதவர்களுக்குத்தான் சைக்கோடைனமிக் முறை நன்றாகப் பொருந்துகிறது.

இனி அறைக்குள் வருவோம். மனதில் தோன்றுவதை, முக்கியமில்லை என்று நினைத்தாலும், சொல்ல வெட்கமாக இருந்தாலும், அப்படியே சொல்லுங்கள் என்பதுதான் பழைய விதி. 1880களின் தொடக்கத்தில் வியன்னாவில் யோசெஃப் ப்ராயர் என்ற மருத்துவரிடம் சிகிச்சை பெற்ற இளம்பெண்தான் இதற்குப் 'பேச்சு வைத்தியம்' என்று பெயர் வைத்தார். ப்ராயரும், பின்னால் உளப்பகுப்பாய்வு என்ற முறையை உருவாக்கிய ஃபிராய்டும் சேர்ந்து 1895இல் அதைப் புத்தகமாகப் போட்டார்கள். சைக்கோடைனமிக் முறைக்கு வேர் அதுதான். கேட்க சுலபமான விதிதான், ஆனால் யாராலும் முழுதாகக் கடைப்பிடிக்க முடியாது. எங்கேயோ ஓரிடத்தில் பேச்சு தடுக்கும். சிரிப்பு வரும், பேச்சு மாறும், "அதை விடுங்க, அது ஒண்ணும் பெரிசில்ல" என்று வரும். தெரபிஸ்ட் கதையை மட்டும் கேட்பதில்லை, தடுக்கும் இடங்களைக் கேட்கிறார். அப்பாவைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் ஒருவர் மழையைப் பற்றிப் பேசப் போய்விடுவார். (நீலகிரியில் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். மழை உண்மையிலேயே பெய்துகொண்டிருக்கும்.)

கொஞ்ச வாரம் போனதும் இன்னொன்று நடக்கத் தொடங்குகிறது. வந்தவர், தனக்கு முக்கியமானவர்களோடு எப்படிப் பழகிப் பழகி வளர்ந்தாரோ, அதே மாதிரி தெரபிஸ்டோடும் பழக ஆரம்பிக்கிறார். வாழ்நாள் முழுக்க மலைப்பாதையில் வண்டி ஓட்டிய டிரைவர், கோயம்புத்தூரில் நேர் ரோட்டிலும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் ஹாரன் அடிப்பார் இல்லையா, அந்த மாதிரி. மலையில் அவர் உயிரைக் காப்பாற்றிய பழக்கம் அது. இதைத்தான் டிரான்ஸ்ஃபரன்ஸ் என்கிறார்கள். கண்டிப்பான அப்பாவிடம் வளர்ந்தவருக்குத் தெரபிஸ்ட் பேனாவை எடுத்தாலே மார்க் போடுவது போலத் தோன்றும். எப்போது வேண்டுமானாலும் விட்டுப்போகக்கூடிய அம்மாவிடம் வளர்ந்தவருக்கு லீவு என்ற சொல்லே வயிற்றைப் பிசையும்.

ஃபிராய்டுக்கே இது பட்டுத் தெரிந்ததுதான். டோரா என்று அவர் பெயர் மாற்றி எழுதிய 18 வயதுப் பெண், பதினோரு வாரம் வந்துவிட்டு, 1900 டிசம்பர் 31ஆம் தேதி, இதோடு சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்தச் சிகிச்சையைப் பற்றி 1905இல் எழுதியபோது, தன்னிடம் அவள் யாரைப் பார்த்தாள், தன் மேல் எந்தக் கோபம் திரும்பியது என்பதை நேரத்தில் கவனிக்கத் தவறினேன் என்று ஃபிராய்டு ஒப்புக்கொண்டார். அதுவரை சிகிச்சைக்கு இடைஞ்சல் என்று நினைத்திருந்த விஷயமே சிகிச்சையின் நடுப்பகுதி என்று ஆனது அதற்குப் பிறகுதான்.

வெறும் கொள்கையாகச் சொன்னால் இது பிடிபடாது. ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். யாருடைய உண்மைக் கதையும் இல்லை, பலரிடம் பார்த்ததைச் சேர்த்துக் கட்டியது. கூடலூர் பக்கம் தேயிலைத் தோட்ட லைன் வீட்டில் வளர்ந்த மூத்த மகள். 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்கள் தாத்தாவும் பாட்டியும். அம்மா காலையில் கொழுந்து பறிக்கப் போய்விடுவார். இரண்டு தம்பிகளையும் பார்த்துக்கொண்டது இவர்தான். ஒருநாள் இவர் அழுதபோது அம்மா, "நீயும் இப்படிப் பண்ணினா நான் எங்கடி போவேன்?" என்றார். அதன் பிறகு அழவில்லை. படித்தார், பேங்க் வேலை கிடைத்தது. இப்போது தூக்கம் இல்லை, முதுகுவலி, எல்லா டெஸ்ட்டும் நார்மல்.

தெரபிக்கு வந்தவுடன் மூத்த மகள் கேட்பது: "மேடம், சாப்டீங்களா? குளிருதே, ஜன்னலைச் சாத்தட்டுமா?" அப்புறம் வாரத்தில் நடந்ததைச் சுருக்கமாக, ஒழுங்காக, நடுவில் ஒரு சிரிப்போடு சொல்வார். ஐந்து நிமிடம் மிச்சம் இருக்கும்போதே "உங்களுக்கும் வேலை இருக்கும்" என்று எழுந்துகொள்வார். தெரபிஸ்டுக்கு அந்த ஐம்பது நிமிடம் இதமாகப் போகும். எழுதி வைக்க உட்கார்ந்தால் ஒன்றும் இருக்காது.

இந்த இதமே ஒரு தகவல். தெரபிஸ்டுக்குள் எழும் உணர்ச்சிகளைக் கவுண்டர் டிரான்ஸ்ஃபரன்ஸ் என்கிறோம். ஆரம்ப காலத்தில் அதைத் தெரபிஸ்டின் குறையாகத்தான் பார்த்தார்கள். 1950இல் பௌலா ஹைமான் என்ற உளப்பகுப்பாய்வாளர் எழுதிய ஒரு கட்டுரை அந்தப் பார்வையைத் திருப்பிப் போட்டது: எதிரில் இருப்பவரின் மனதைப் புரிந்துகொள்ள உன் உணர்ச்சியும் ஒரு கருவி என்றார் அவர். இங்கே தெரபிஸ்ட் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்: ஏன் இந்த ஒருவரோடு மட்டும் எனக்குக் களைப்பே இல்லை? ஏனென்றால் அவர் என்னைப் பார்த்துக்கொள்கிறார். தம்பிகளையும் அம்மாவையும் பார்த்துக்கொண்ட மாதிரி. ஆனால் இந்த உணர்ச்சியை அப்படியே நம்பிவிடவும் கூடாது. தெரபிஸ்டின் சொந்த வீட்டுக் கதையும் அதில் கலந்திருக்கலாம். அதனால்தான் ஒழுங்காகப் பயின்றவர்கள் மூத்த தெரபிஸ்ட் ஒருவரிடம் சூப்பர்விஷனுக்குப் போகிறார்கள், பலர் தாங்களும் தெரபி எடுத்துக்கொள்கிறார்கள்.

சரி, ஒருநாள் தெரபிஸ்ட் சொல்கிறார்: "நான் களைச்சிடக் கூடாதுன்னு ரொம்பக் கவனமா இருக்கீங்க. உங்க கஷ்டத்தை முழுசா சொன்னா எனக்குத் தாங்காதுன்னு தோணுதா?"

மூத்த மகள் சிரித்து, "அதெல்லாம் இல்ல மேடம்" என்கிறார். அடுத்த வாரம் வரவில்லை, தலைவலி. அதற்கடுத்த வாரம் வந்து உட்கார்ந்து, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொல்கிறார்: "நீங்க அன்னிக்குச் சொன்னது எனக்குப் பிடிக்கல. மரியாதையா நடந்துக்கிட்டா அதுவும் ஒரு குத்தமா?"

பெரியவர் ஒருவரிடம் அவர் "பிடிக்கல" என்று முகத்துக்கு நேராகச் சொன்னது அநேகமாக அதுதான் முதல் தடவை. இந்த இடத்தில் தெரபிஸ்ட் செய்யாமல் இருப்பவைதான் அதிகம். தன் பக்க நியாயம் சொல்வதில்லை. பதறிப்போய் சாரி கேட்டு அந்தக் கோபத்தை உடனே அணைப்பதில்லை. "இது உங்க அம்மா மேல இருக்கிற கோபம்" என்று புத்திசாலித்தனமாக விளக்கவும் போவதில்லை. அப்படி விளக்கினால் கோபத்தைத் தன் மேலிருந்து தள்ளிவிடுவதாக ஆகும், அது நாசூக்கான ஒரு தப்பித்தல். "எது பிடிக்கல, இன்னும் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அடுத்த வாரமும் அதே நேரம், அதே நாற்காலி. முகம் கோணவில்லை, பழிவாங்கவில்லை. டொனால்ட் வினிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளரும், எதிரில் இருப்பவரின் கோபத்துக்குத் தெரபிஸ்ட் பதிலடி கொடுக்காமல் தாக்குப்பிடித்து நிற்பதை மிகப் பெரிய விஷயமாகச் சொன்னார். கோபப்பட்டும் எதிரில் இருப்பவர் உடைந்துபோகவில்லை என்பதை மூத்த மகள் புத்தியால் புரிந்துகொள்ள அவசியமில்லை. அவருக்கே அது நடந்துவிட்டது.

லைன் வீட்டில் அழுத அந்த நாள் அதற்குப் பிறகு மறுபடி பேச்சில் வரும், இந்தத் தடவை அழுகையோடு. முன்னால் சொன்னபோது அது வெறும் தகவலாகத்தான் இருந்தது. தெரபிஸ்ட் சொல்லும் விளக்கங்களிலேயே மாற்றம் உண்டாக்குவது, அந்த நிமிடம் அந்த இருவருக்கும் நடுவே உயிரோடு இருக்கிற உணர்ச்சியைத் தொட்டுச் சொல்லும் விளக்கம்தான் என்று ஜேம்ஸ் ஸ்ட்ரேச்சி என்ற உளப்பகுப்பாய்வாளர் 1934இல் எழுதினார். சின்ன வயசுக் கதையைத் தோண்டித் தோண்டிக் கேட்பதுதான் இந்தத் தெரபி என்று சினிமா சொல்லிக் கொடுத்திருக்கிறது. தோண்டுவது பாதி வேலைகூட இல்லை.

ஒரு தடவை நடந்தால் போதாது என்பதால்தான் மாதக்கணக்கில் ஆகிறது. அதே முடிச்சு பேங்க் மேனேஜரிடம் வரும், கணவரிடம் வரும், திரும்பவும் தெரபிஸ்டிடம் வரும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சீக்கிரம் கண்ணில் படும். ஒருநாள், தம்பி பணம் கேட்டதாகவும் இந்த மாதம் முடியாது என்று சொல்லிவிட்டதாகவும், வேறு எதையோ சொல்லும்போது நடுவில் சொல்லிவிட்டுப் போவார். அறையில் கைதட்டல் எல்லாம் இருக்காது. அவருக்கே அது பெரிய சேதியாகத் தோன்றியிருக்காது.

இப்போது உங்கள் மே மாத லீவுக்கு வரலாம். குறித்த நேரம், ஐம்பது நிமிடம், குறித்த ஃபீஸ், முன்கூட்டிச் சொன்ன லீவு என்று இந்த முறையில் வரம்புகளை இவ்வளவு கறாராக வைப்பது ஆபீஸ் ஒழுங்குக்காக மட்டும் இல்லை. வரம்பு அசையாமல் இருந்தால்தான் அதில் யார் எங்கே இடித்துக்கொள்கிறார் என்று தெரியும். இரண்டு வாரம் ஆளில்லாமல் போனது உங்களுக்குள் எதையோ கிளப்பியிருக்கிறது. அது எது என்று நான் ஊகிக்க மாட்டேன்; நீங்கள் எழுதிய நாலு வரியை வைத்துக்கொண்டு உங்கள் அம்மாவையோ அப்பாவையோ இழுப்பது அரட்டை ஆகிவிடும். ஆனால் "காரணமில்லாத எரிச்சல்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் "காரணமில்லாத" என்பதைத்தான் நான் தெரபிஸ்டாக இருந்தால் பிடித்துக்கொள்வேன். காரணம் இல்லை என்று அவ்வளவு சீக்கிரம் எப்படி முடிவு செய்தீர்கள்? ஒருவர் விட்டுப்போனால் கோபப்பட உங்களுக்கு உரிமை இல்லை என்று யார் சொன்னார்கள்?

புத்தகத்தில் இருக்கும் வரம்புகள் எல்லாம் பெரிய நகரத்தை மனதில் வைத்து எழுதியவை. நம் மலையில் கொஞ்சம் தகராறு பண்ணும். தாமதமாக வந்தால் அதில் ஒரு மறைமுக எதிர்ப்பு இருக்கலாம் என்று படித்துவிட்டு வருவோம். ஜூலை மாதம் குன்னூர் ரோட்டில் மரம் விழுந்து கிடக்கும். மரம் மரம்தான். ஆனால் மரமே விழாத மூன்று வாரமும் தாமதம் என்றால் கேட்டுத்தான் ஆக வேண்டும். காலையில் அழுதுவிட்டுப் போனவரை மாலையில் மார்க்கெட்டில் கேரட் வாங்கும்போது பார்க்க வேண்டி வரும். எங்களில் பலர் முதல் நாளே பேசிக்கொள்வது இதுதான்: வெளியில் பார்த்தால் நானாக உங்களைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டேன், நீங்கள் சிரித்தால் நானும் சிரிப்பேன்.

தோட்டத்தில் விளைந்த பட்டர் ஃப்ரூட்டோ, ஒரு பாக்கெட் வர்க்கியோ கொண்டுவந்து மேஜையில் வைப்பார்கள். பரிசு வாங்கக் கூடாது என்ற விதியைக் காட்டித் திருப்பிக் கொடுத்தால் நம் ஊரில் அது அவமதிப்பு. நான் சின்னதாக இருந்தால் வாங்கிக்கொள்வேன், ஆனால் அதைப் பற்றிப் பேசாமல் விடமாட்டேன். போன வாரம் கடுமையாகப் பேசிவிட்டு இந்த வாரம் பழம் வந்தால், அந்தப் பழம் ஏதோ சொல்ல வருகிறது. "உங்களுக்கு எந்த ஊரு மேடம்?" என்ற கேள்வியும் அப்படித்தான். அதற்குள் என்ன சாதி, எங்களைப் பற்றி என்ன நினைப்பீர்கள் என்ற கேள்விகள் இருக்கும். அதைக் காதில் வாங்காதது போல் நகர்வது கோழைத்தனம் என்பது என் கருத்து. எந்த ஊர் என்று சொல்லிவிட்டு, தெரிந்துகொள்வது ஏன் முக்கியமாக இருக்கிறது என்றும் கேட்கலாம்.

இது வெளிநாட்டுச் சரக்கு, நமக்கு ஒத்துவராது என்று சொல்பவர்களுக்கு: கிரீந்திரசேகர் போஸ் 1922லேயே கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார். ஃபிராய்டோடு கடிதத்தில் வாதாடியவர் அவர். கருத்து வேறுபாடுகளையும் மறைக்கவில்லை. நாமும் அப்படி வாதாடியே எடுத்துக்கொள்ளலாம்.

பலன் உண்டா? உண்டு என்று காட்டும் ஆய்வுகள் இருக்கின்றன. 2010இல் ஜோனதன் ஷெட்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் பல ஆய்வுத் தொகுப்புகளை ஒன்றாக வைத்துப் பார்த்து, மற்ற நல்ல சிகிச்சைகளுக்கு இது சளைத்ததில்லை, முடிந்த பிறகும் முன்னேற்றம் தொடர்கிறது என்று எழுதினார். அவர் எடுத்த ஆய்வுகளின் தரத்தைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு. எல்லாவற்றையும் விட இதுதான் உயர்ந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தூக்கமே போய், சாப்பாடு இறங்காமல், சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் பேச்சோடு நிற்காமல் மனநல மருத்துவரையும் பாருங்கள். மருந்தும் தெரபியும் சேர்ந்து போகலாம். ராத்திரி நேரத்தில் தாங்க முடியவில்லை என்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், இலவசம்.

உண்மையிலேயே விலக வேண்டிய நிலைமைகளும் உண்டு. நீங்கள் சொன்னதை உங்கள் வீட்டாரிடமோ பள்ளியிலோ சொல்லிவிட்டால், தன் சொந்தக் கதையால் உங்கள் நேரத்தை நிரப்பினால், கடன், நட்பு, தொடுதல் என்று எந்தப் பக்கமாவது எல்லை தாண்டினால், அதை டிரான்ஸ்ஃபரன்ஸ் என்று சொல்லிச் சமாளிக்க முடியாது. அது தவறு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியக் காப்பை உங்கள் உரிமையாக வைத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகள் மட்டும்தான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்பவர் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் வைத்திருக்க வேண்டும். கேட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது. அப்புறம், உங்கள் எரிச்சலைச் சொல்லும்போது அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பாருங்கள். உங்களைக் குற்றவாளி ஆக்கினால், அல்லது ஒவ்வொரு தடவையும் "உங்க சின்ன வயசு" என்று தள்ளிவிட்டால், உங்கள் சந்தேகம் நியாயம்தான்.

சொல்வதற்கு அழகான வாக்கியம் எதுவும் தேவையில்லை. "நீங்க லீவுல போனதுல இருந்து உங்க மேல எரிச்சலா இருக்கு, நிறுத்திடலாமான்னு தோணுது, இதைச் சொல்லவே கஷ்டமா இருக்கு" என்று உட்கார்ந்த உடனே சொல்லுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு சொல்லாதீர்கள். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள், பிறகு ஒரு வாரம் அது பாதியில் தொங்கும். பணம்தான் நெருக்கடி என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஃபீஸைக் குறைப்பது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆக்குவது பற்றிப் பேச இடம் இருக்கும்.

அப்படியும் நிறுத்துவதுதான் முடிவு என்றால் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டு நிறுத்த வேண்டாம். தேதி குறித்துக்கொண்டு மூன்று நான்கு வாரம் அதற்கென்றே போங்கள். எட்டு மாதம் பழகியவரிடம் சொல்லிக்கொண்டு விடைபெறுவது, அதுவும் கோபம் மிச்சம் இருக்கும்போதே, உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். தெரபியை நிறுத்தும் அந்த வாரங்களும் தெரபிதான், அதற்கும் ஃபீஸ் உண்டு.